கூடுதல் படை அனுப்பலாமா? ஒரு போர்க் கோரிக்கையை எடைபோடும் முறை

வெளிநாட்டு மண்ணில் நடந்துகொண்டிருக்கும் போருக்கு மேலும் படை வேண்டும் என்று ஒரு தளபதி கேட்கும்போது, மறுநாள் செய்தித்தாள்களின் தலைப்பில் வந்து நிற்பது ஓர் எண்தான். 1968-இல், வியட்நாம் போரில், அது 2,06,000. 2009-இல், ஆப்கானிஸ்தான் போரில், அது 40,000. தொலைக்காட்சி விவாதங்களும் நாடாளுமன்ற உரைகளும் அந்த எண்ணைச் சுற்றியே நடக்கின்றன: அவ்வளவும் கொடுக்கலாமா, பாதி போதுமா, ஒன்றும் கூடாதா? என் கருத்தில், கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி அது. அதற்கு முன் கேட்டு முடிக்க வேண்டியவை பல இருக்கின்றன. அவற்றுக்கு விடை கிடைத்துவிட்டால் எண் பெரும்பாலும் தானாகவே தெளிவாகிவிடும், அல்லது எந்த எண்ணும் பயன்படாது என்பது தெரிந்துவிடும். அந்தக் கேள்விகளை எந்த வரிசையில் கேட்பது, ஒவ்வொன்றுக்கும் விடையை எங்கே தேடுவது என்பதை, ஆப்கானிஸ்தானுக்குக் கூடுதல் படை அனுப்புவது குறித்து 2009-இல் அமெரிக்கா எடுத்த முடிவை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே விளக்குகிறேன். ஆவணங்கள் பெருமளவு வெளியாகி, விளைவும் முழுமையாகத் தெரிந்துவிட்ட முடிவு என்பதால், பயில்வதற்கு அதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

கோரிக்கையின் வரலாற்றிலிருந்து தொடங்குங்கள்

எந்தக் கோரிக்கையும் தனியாக வருவதில்லை. அதற்கு முன் எத்தனை முறை கேட்கப்பட்டது, ஒவ்வொரு முறையும் என்ன காரணம் சொல்லப்பட்டது, அனுப்பப்பட்டவர்கள் எங்கே நிறுத்தப்பட்டார்கள் என்பதை ஒரு தாளில் தேதி வாரியாக எழுதுங்கள். 2009-க்கு அப்படி எழுதினால் இப்படி வரும்: ஜனவரியில் பராக் ஒபாமா பதவியேற்றபோது ஆப்கானிஸ்தானில் 30,000-க்குச் சற்று அதிகமான அமெரிக்கத் துருப்புகள் இருந்தன. பிப்ரவரியில் மேலும் 17,000 பேருக்கு அவர் ஒப்புதல் அளித்தார். மார்ச் மாதம் புதிய உத்தியை அறிவித்தபோது, ஆப்கன் ராணுவத்துக்குப் பயிற்சி அளிக்க இன்னும் 4,000 பேரைச் சேர்த்தார். மே மாதம் தளபதி டேவிட் மெக்கீர்னன் நீக்கப்பட்டு ஸ்டான்லி மெக்கிரிஸ்டல் நியமிக்கப்பட்டார். ஆகஸ்ட் 30-ஆம் தேதி மெக்கிரிஸ்டல் தம் மதிப்பீட்டறிக்கையை அனுப்பினார். அடுத்த 12 மாதங்களுக்குள் நிலைமையைத் திருப்பாவிட்டால் கிளர்ச்சியைத் தோற்கடிக்கவே முடியாத கட்டம் வந்துவிடக்கூடும் என்று அது எச்சரித்தது. அதையொட்டி அவர் கேட்டதுதான் 40,000. டிசம்பரில் ஒபாமா ஒப்புக்கொண்டது 30,000.

இந்தப் பட்டியலைப் பார்த்தவுடன் ஒரு கேள்வி எழ வேண்டும். பிப்ரவரியில் ஒப்புதல் பெற்றவர்கள் முழுமையாகக் களத்தில் இறங்கி வேலையைத் தொடங்குவதற்குள்ளேயே அடுத்த கோரிக்கை வந்துவிட்டது என்றால், முதல் முடிவு சரியா தவறா என்பதை எந்தச் சான்றைக் கொண்டு அறிவது? அதைவிட முக்கியமானது, அந்த முதல் தவணையில் ஏறத்தாழ 10,000 மரைன் வீரர்கள் ஹெல்மாண்ட் மாகாணத்துக்கு அனுப்பப்பட்டார்கள் என்பது. மக்களைப் பாதுகாப்பதே உத்தி என்று சொல்லப்பட்டது. தாலிபான்களின் பிறப்பிடமும் தெற்கின் பெருநகரமுமான காந்தகாரோ பக்கத்து மாகாணத்தில் இருந்தது. கையில் உள்ள படை, சொல்லப்பட்ட நோக்கத்துக்கு ஏற்ற இடத்தில் நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று பார்க்காமல் அடுத்த தவணையைப் பற்றிப் பேசத் தொடங்குவது, முதல் தவணையில் நடந்த பிழைகளை அப்படியே மூடி மறைத்துவிடும்.

நோக்கத்தையும் திட்டத்தையும் அருகருகே வைத்துப் படியுங்கள்

அரசு சொல்லும் போரின் நோக்கத்தையும் தளபதி கேட்கும் படையின் வேலையையும் தனித்தனியாக எழுதி ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்தாத இடத்தில்தான் பெரும்பாலான துன்பங்கள் தொடங்குகின்றன. ஒபாமா மார்ச் மாதம் அறிவித்த நோக்கம் குறுகியது: அல் காய்தாவைக் குலைத்துத் தோற்கடிப்பது, அது பாகிஸ்தானுக்கோ ஆப்கானிஸ்தானுக்கோ திரும்பாமல் தடுப்பது. மெக்கிரிஸ்டலின் திட்டமோ ஆப்கானிஸ்தானின் தெற்கிலும் கிழக்கிலும் ஊர் ஊராகத் தாலிபான்களை அகற்றி, அங்கெல்லாம் அரசு நிர்வாகத்தை நிறுவி, நாட்டின் ராணுவத்தையும் காவல்துறையையும் சேர்த்து 4,00,000 பேராக வளர்ப்பது. முதலாவது ஒரு பயங்கரவாத அமைப்பை ஒடுக்கும் வேலை. இரண்டாவது ஓர் அரசையே கட்டியெழுப்பும் வேலை. 2010 ஜூன் மாதம் சிஐஏ இயக்குநர் லியோன் பனெட்டா, ஆப்கானிஸ்தானுக்குள் இருக்கும் அல் காய்தாவினர் 50 முதல் 100 பேர், ஒருவேளை அதற்கும் குறைவு என்று வெளிப்படையாகவே சொன்னார். அப்போது அங்கே அமெரிக்கத் துருப்புகளின் எண்ணிக்கை 1,00,000-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது.

இந்த இடைவெளியைக் காட்டியதால் மட்டும் கோரிக்கை தவறு என்று ஆகிவிடாது. அரசு நிலைத்தால்தான் அல் காய்தா திரும்பாது என்று வாதிட இடம் இருந்தது, நேர்மையானவர்கள் அப்படியே வாதிட்டார்கள். ஆனால் அந்த வாதம் வாய்விட்டுச் சொல்லப்பட்டு, தனியாக நிறுவப்பட வேண்டும். துணை அதிபராக இருந்த ஜோ பைடன், சிறிய படையோடு பயங்கரவாதிகளை மட்டும் குறிவைக்கும் மாற்றுத் திட்டத்தை முன்வைத்தபோது அதே கேள்வியைத்தான் எழுப்பினார். அவருடைய மாற்றும் குறைகள் கொண்டதுதான். தரையில் நட்பான மக்களும் உளவுத் தகவலும் இல்லாமல் தொலைவிலிருந்து குறிவைப்பது கடினம். எனினும் நோக்கத்துக்கும் திட்டத்துக்கும் உள்ள தூரத்தை அளந்து பார்த்தவர்களில் அவரும் ஒருவர்.

கிளிஃபோர்டின் கேள்விகளைக் கேளுங்கள்

1968 ஜனவரி இறுதியில் வியட்நாமில், கம்யூனிஸ்டுப் படைகள் நடத்திய டெட் தாக்குதல் என்ற பெருந்தாக்குதல் நடந்தது. அப்போது அமெரிக்காவின் 5,00,000 வீரர்கள் அங்கே இருந்தார்கள். அதன்பின் தளபதி வில்லியம் வெஸ்ட்மோர்லண்டின் பெயரில் 2,06,000 பேருக்கான கோரிக்கை வாஷிங்டனுக்கு வந்தது. பாதுகாப்பு அமைச்சராகப் பொறுப்பேற்கவிருந்த கிளார்க் கிளிஃபோர்டிடம் அதிபர் லிண்டன் ஜான்சன் அதை ஒப்படைத்தார். கிளிஃபோர்ட் போரை ஆதரிப்பவர் என்றே கருதப்பட்டவர்; கோரிக்கையை எப்படி நிறைவேற்றுவது என்பதை ஆராயவே அவர் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. ஆனால் பாதுகாப்புத் துறைத் தலைமையகமான பென்டகனில் மூத்த அதிகாரிகளோடு நாள்கணக்கில் உட்கார்ந்தபோது, அவர் மிக எளிய கேள்விகளைக் கேட்கத் தொடங்கினார். இந்த எண்ணிக்கை வேலையை முடித்துவிடுமா? உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள். முடிக்காவிட்டால் இன்னும் எத்தனை பேர், எப்போது? அதை அறிய வழியில்லை. எதிரியும் பதிலுக்குத் தன் படையைக் கூட்ட முடியுமா? முடியும், அநேகமாகக் கூட்டுவான். குண்டுவீச்சு போரை நிறுத்திவிடுமா? தனியாக நிறுத்தாது. வெற்றிக்கான திட்டம் என்ன? எதிரி களைத்துப்போகும்வரை அழுத்தம் கொடுப்பது என்பதைத் தாண்டி அவருக்கு விடை கிடைக்கவில்லை.

அந்த அறையில் யாரும் பொய் சொல்லவில்லை, திறமையற்றவர்களும் இல்லை. அதுவரை அந்தக் கேள்விகளை அந்த வரிசையில், விடை வரும்வரை விடாமல், பொறுப்பில் உள்ள ஒருவர் கேட்கவில்லை என்பதே நடந்தது. மார்ச் 31-ஆம் தேதி ஜான்சன் குண்டுவீச்சைக் குறைப்பதாகவும் தாம் மீண்டும் தேர்தலில் நிற்கப்போவதில்லை என்றும் அறிவித்தார். கேட்கப்பட்டதில் சிறு பகுதியே அனுப்பப்பட்டது. எந்தப் போருக்கும் இந்தக் கேள்விகளை அப்படியே எடுத்துக் கேட்கலாம். விடையாக ஒரு வாக்கியம் வர வேண்டும். அதில் ஒரு காலமும், ஓர் இடமும், அங்கே என்ன நிலை உருவாகும் என்பதும் இருக்க வேண்டும். “சூழ்நிலையைப் பொறுத்தது” என்ற விடை வந்தால், அதைக் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போகலாம், ஆனால் அது விடையாகிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது.

தங்கிக் காப்பது யார்

மற்ற எல்லாக் கேள்விகளையும்விட இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். கிளர்ச்சிக்கு எதிரான போரில் நல்ல பயிற்சி பெற்ற படையால் ஓர் ஊரைக் கைப்பற்ற முடியும் என்பதில் ஐயமே இல்லை. கைப்பற்றிய பிறகு அங்கே வழக்குத் தீர்ப்பவர் யார், நிலத்தகராறைக் கேட்பவர் யார், இரவில் கதவைத் தட்டுபவனிடமிருந்து ஊராரைக் காப்பவர் யார் என்பதுதான் கேள்வி. வெளிநாட்டு வீரர் ஒருநாள் திரும்பிப் போவார் என்பது ஊரில் உள்ள எல்லோருக்கும் தெரியும்.

ஹெல்மாண்டில் உள்ள மார்ஜாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1950-களில் அமெரிக்க உதவியோடு வெட்டப்பட்ட பாசனக் கால்வாய்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் விவசாயப் பகுதி அது. 2010-இல் அந்த வயல்களில் பெருமளவில் அபின் பயிரிடப்பட்டது. கூடுதல் படை அறிவிக்கப்பட்ட பின் நடந்த முதல் பெரிய நடவடிக்கை பிப்ரவரி 13-ஆம் தேதி அங்கேதான் தொடங்கியது. அமெரிக்க, பிரிட்டிஷ், ஆப்கன் படையினர் ஏறத்தாழ 15,000 பேர் அதில் பங்கேற்றார்கள். பிடித்த உடனே இறக்குவதற்கு ஓர் அரசையே பெட்டிக்குள் தயாராக வைத்திருப்பதாக மெக்கிரிஸ்டல் சொன்னார். முக்கியப் பகுதிகள் சில வாரங்களில் கைப்பற்றப்பட்டன. ஆனால் பெட்டிக்குள் இருந்தது மிகக் குறைவு: அனுப்பப்பட வேண்டிய அதிகாரிகளில் பலர் வரவேயில்லை, வந்தவர்களும் பாதுகாப்புக் கருதி முகாமைவிட்டு வெளியேறத் தயங்கினார்கள், பழைய காவலர்களை நினைத்தாலே ஊர்மக்கள் அஞ்சினார்கள். இரவில் தாலிபான்களின் மிரட்டல் தொடர்ந்தது. மே மாதம் மெக்கிரிஸ்டலே மார்ஜாவை இரத்தம் கசியும் புண் என்று குறிப்பிட்டார். அடுத்த ஆண்டுகளில் மரைன் வீரர்கள் உயிரைக் கொடுத்து அங்கே ஓரளவு அமைதியை உருவாக்கினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சந்தை திறந்தது, பள்ளிகள் நடந்தன. அவர்கள் போனபின், 2015 இறுதியில், மார்ஜாவின் பெரும்பகுதி மீண்டும் தாலிபான்களின் கைக்குப் போனது.

இது முன்கூட்டியே தெரிந்திருக்க முடியாத ஒன்று அல்ல. காபூலில் அமெரிக்கத் தூதராக இருந்த கார்ல் ஐக்கன்பெர்ரி, அதே நாட்டில் படைக்குத் தலைமை தாங்கி ஓய்வுபெற்ற ஜெனரல். 2009 நவம்பரில் அவர் வாஷிங்டனுக்கு அனுப்பிய இரு தந்திகளில், அதிபர் ஹமீத் கர்சாய் போதுமான உத்திசார் கூட்டாளி அல்ல என்று நேரடியாக எழுதினார். கூடுதல் படை வந்தால் ஆப்கன் அரசு தன் பொறுப்பைத் தள்ளிப்போடும், சார்ந்திருத்தல் கூடும் என்றும் எச்சரித்தார். அதற்கு முந்தைய ஆகஸ்டில் நடந்த அதிபர் தேர்தலில் பத்து லட்சம் வாக்குகள் அளவுக்கு முறைகேடு கண்டறியப்பட்டு நீக்கப்பட்டிருந்தது. இரண்டாம் சுற்றிலிருந்து போட்டியாளர் அப்துல்லா அப்துல்லா விலகிக்கொள்ள, கர்சாய் வென்றதாக அறிவிக்கப்பட்டது. பயிற்சிக்கு வந்த ஆப்கன் வீரர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். ஆண்டுதோறும் ராணுவத்தில் நான்கில் ஒரு பங்கினர் அளவுக்கு விலகிக்கொண்டிருந்தார்கள். எனவே, ஒரு கோரிக்கையை எடைபோடும்போது தளபதியின் அறிக்கையோடு தூதரின் அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். தூதரின் அறிக்கை வெளியிடப்படவில்லை என்றால், அந்த நாட்டின் தேர்தல், வரி வருவாய், நீதிமன்றம், ராணுவச் சம்பளப் பட்டியல் ஆகிய நான்கையும் பற்றிக் கிடைக்கும் தணிக்கை அறிக்கைகளைப் படியுங்கள். சம்பளப் பட்டியலில் மட்டும் பெயர் உள்ள, களத்தில் இல்லாத வீரர்களைப் பற்றி அமெரிக்க அரசின் ஆப்கன் புனரமைப்புத் தணிக்கையாளரே மீண்டும் மீண்டும் எழுதினார்.

அழைத்த அரசே மனம் மாறக்கூடும் என்பதையும் இங்கேயே கணக்கில் கொள்ள வேண்டும். இதைத் தமிழ் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1987 ஜூலை 29-ஆம் தேதி ஒப்பந்தத்தின்படி இலங்கைக்குச் சென்ற இந்திய அமைதி காக்கும் படை, டிவிஷன் எனப்படும் பெரும் படைப்பிரிவு ஒன்றில் தொடங்கியது. அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு போர் மூண்டது. யாழ்ப்பாண நகரைப் பிடிக்கவே ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆயின. அந்த நாள்களில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் மருத்துவர்களும் செவிலியர்களும் நோயாளிகளும் கொல்லப்பட்டார்கள். காக்க வந்த படை என்ற நம்பிக்கை அதன்பின் மீளவே இல்லை. படை நான்கு டிவிஷன்களாக வளர்ந்தது, 70,000 பேரைத் தாண்டியது. 1988 இறுதித் தேர்தலில் வென்ற ரணசிங்க பிரேமதாச, 1989 ஜூனில், ஜூலை முடிவதற்குள் படை வெளியேற வேண்டும் என்று கோரினார். புலிகளோடு பேச்சும் நடத்தினார். 1990 மார்ச்சில் கடைசி வீரர்கள் திருகோணமலையிலிருந்து கப்பலேறியபோது, ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் இறந்திருந்தார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் படையைக் கூட்ட ஒரு காரணம் இருந்தது. ஆனால் நகரைப் பிடித்த பிறகு அங்கே நிற்கப்போகும் ஆட்சி எது என்பதற்குக் கொழும்பிலும் தில்லியிலும் யாழ்ப்பாணத்திலும் வெவ்வேறு விடைகள் இருந்தன.

எதிரிக்கு ஒதுங்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள்

வரைபடத்தை எடுத்து, சண்டை நடக்கும் பகுதியிலிருந்து எல்லை எவ்வளவு தூரம், எல்லைக்கு அப்பால் யார் என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். தாலிபான் தலைமை பாகிஸ்தானின் குவெட்டாவில் இருந்தது. அமெரிக்கப் படைக்கான சரக்கில் பெரும்பங்கும் அதே பாகிஸ்தானின் கராச்சித் துறைமுகத்தில் இறங்கி, தோர்க்கம், சமன் ஆகிய எல்லைவாயில்கள் வழியாகவே சென்றது. 2011 நவம்பரில் எல்லைச் சாவடி ஒன்றின் மீது நேட்டோ நடத்திய தாக்குதலில் 24 பாகிஸ்தான் வீரர்கள் இறந்ததும், அந்தப் பாதை ஏழு மாதங்களுக்கு மேல் மூடப்பட்டது. படை பெரிதாகப் பெரிதாக, யாரிடம் கடுமையாகப் பேச வேண்டுமோ அவரையே அதிகமாகச் சார்ந்திருக்கும் நிலை உருவாகிறது. இதைச் சரிசெய்யும் அரசியல் திட்டம் கோரிக்கையோடு இணைந்து வரவில்லையென்றால், எல்லையின் இந்தப் பக்கம் எத்தனை பேர் நின்றாலும் போரின் நீளத்தைத் தீர்மானிப்பவர் அந்தப் பக்கம்தான் இருப்பார்.

எண்ணை இப்போது பிரித்துப் பாருங்கள்

முந்தைய கேள்விகளுக்கு ஓரளவு திருப்தியான விடை கிடைத்த பிறகே எண்ணுக்கு வர வேண்டும். அறிவிக்கப்படும் எண் பெரும்பாலும் போரிடும் பிரிகேடுகளின் எண்ணிக்கை. சமையல், மருத்துவம், பொறியியல், சரக்கு, உளவு, காவல் ஆகிய துணைப் பணிகளுக்கானவர்கள் அதில் சேர்வதில்லை. 2007 ஜனவரியில் ஜார்ஜ் புஷ் ஈராக்குக்கு ஐந்து பிரிகேடுகளை, அதாவது 20,000-க்குச் சற்று அதிகமானோரை அறிவித்தபோது, அமெரிக்க நாடாளுமன்றத்தின் வரவுசெலவு ஆய்வு அலுவலகம் துணைப் பணியாளர்களையும் சேர்த்தால் 35,000 முதல் 48,000 வரை ஆகலாம் என்று கணித்தது. அந்த ஆண்டு இறுதிக்குள் ஈராக்கில் இருந்த படை, ஜனவரியில் இருந்ததைவிட 30,000-க்கும் மேல் கூடிவிட்டது.

செலவையும் இதே போலப் பிரியுங்கள். 2009-இல் வெள்ளை மாளிகை, ஆப்கானிஸ்தானில் ஒரு வீரருக்கு ஓராண்டுக்குப் பத்து லட்சம் டாலர் என்று கணக்கிட்டது. 30,000 பேருக்கு அது 3,000 கோடி டாலர். அந்த ஆண்டில் ஆப்கானிஸ்தானின் மொத்த உள்நாட்டு உற்பத்தி அதில் பாதியைக்கூட எட்டவில்லை. தொலைதூர முகாம் ஒன்றுக்கு ஒரு காலன் எரிபொருளைக் கொண்டு சேர்க்க 400 டாலர் வரை ஆகலாம் என்று பென்டகன் அதே ஆண்டு நாடாளுமன்றக் குழுவிடம் தெரிவித்தது. காயமடைந்து திரும்புவோருக்கான வாழ்நாள் சிகிச்சையும் ஓய்வூதியமும் இந்தக் கணக்கில் வருவதே இல்லை, வர வேண்டும் என்று வற்புறுத்துங்கள்.

படை விகிதத்தையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். 2006-இல் வெளிவந்த அமெரிக்க ராணுவத்தின் கிளர்ச்சி ஒடுக்கல் கையேடு, ஆயிரம் மக்களுக்கு 20 முதல் 25 பாதுகாப்புப் படையினர் தேவை என்கிறது. ஏறத்தாழ மூன்று கோடி மக்கள் வாழ்ந்த ஆப்கானிஸ்தானுக்கு அது குறைந்தது 6,00,000 பேர். அன்றிருந்த வெளிநாட்டுப் படை, ஆப்கன் ராணுவம், காவல்துறை மூன்றையும் கூட்டினால் அதில் பாதியளவே வந்தது. 40,000 பேர் கூடியிருந்தாலும் அந்த இடைவெளி மூடியிருக்காது. இந்த விகிதமும் வேதவாக்கு அல்ல, ஆனால் ஒரு திட்டம் தன் சொந்தக் கையேட்டையே நிறைவு செய்யவில்லை என்றால் அதற்கு விளக்கம் கேட்பது நம் உரிமை. சோவியத் ஒன்றியமும் அதே நாட்டில் 1,00,000-க்கு மேல் வீரர்களை வைத்திருந்தது. 1986 நவம்பரில் மாஸ்கோவில் நடந்த உயர்மட்டக் கூட்டத்தில் மார்ஷல் செர்கேய் அக்ரோமேயெவ், அந்த நாட்டில் சோவியத் வீரரின் கால் படாத இடமே இல்லை, ஆனாலும் நிலப்பரப்பின் பெரும்பகுதி கிளர்ச்சியாளர்களிடம் இருக்கிறது, கைப்பற்றிய இடத்தில் ஆட்சியை நிறுவ முடியவில்லை என்று சொன்னதாகக் கூட்டக் குறிப்பு சொல்கிறது.

யார் போகிறார்கள், யாருக்கு நடக்கிறது

எண்களுக்குள் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதை மறக்காமலிருக்க ஒரு வழி, பணிக்காலத்தைப் பற்றிக் கேட்பது. ஈராக்குக்கான கூடுதல் படையைத் தக்கவைக்க, 2007 ஏப்ரலில் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் ராணுவ வீரர்களின் பணிக்காலத்தை 12 மாதங்களிலிருந்து 15 மாதங்களாக நீட்டினார். ஏற்கெனவே இருமுறை போய்வந்தவர்களுக்கும் அது பொருந்தியது. ஆப்கானிஸ்தானில் 2009-இல் இறந்த அமெரிக்க வீரர்கள் 300-க்கு மேல். கூடுதல் படை இறங்கிய 2010-இல் ஏறத்தாழ 500 பேர். இழப்பு கூடியதே கோரிக்கை தவறு என்பதற்குச் சான்றாகாது; ஆனால் முடிவெடுப்பவர், இழப்பு கூடும் என்பதைத் தம் மக்களிடம் முன்னதாகச் சொன்னாரா என்று பார்க்க வேண்டும்.

உள்ளூர் மக்களுக்கும் தனிக் கணக்கு வேண்டும். ஐநாவின் கணக்குப்படி ஆப்கானிஸ்தானில் கொல்லப்பட்ட பொதுமக்கள் 2009-இல் ஏறத்தாழ 2,400, 2010-இல் ஏறத்தாழ 2,800, 2011-இல் 3,000-க்கு மேல். இவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது கிளர்ச்சியாளர்களின் கண்ணிவெடிகளும் தாக்குதல்களும்தான். ஆயினும் மக்களைக் காப்பதே நோக்கம் என்று சொல்லும் ஒரு திட்டத்தை, அந்த மக்கள் பிழைத்தார்களா என்பதைக் கொண்டுதான் அளக்க வேண்டும். படையை அனுப்பாமல் இருப்பதற்கும் விலை உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. வெளிநாட்டுப் படையை நம்பிப் பெண் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பியவர்களும், மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தவர்களும் கைவிடப்பட்டால் என்ன ஆவார்கள் என்பதை 2021 ஆகஸ்டில் காபூல் விமான நிலையத்தில் உலகம் பார்த்தது. அந்த விலையையும் அதே தாளில் எழுதுங்கள்.

வெற்றிக் கதையை முன்னுதாரணமாகக் காட்டினால்

2009-இல் கூடுதல் படையை ஆதரித்தவர்கள் கையில் இருந்த வலுவான வாதம் ஈராக். 2007-இல் படை கூடியது, 2008-இல் வன்முறை வெகுவாகக் குறைந்தது; இது உண்மை, மறுக்க வேண்டியதில்லை. ஆனால் கூடவே நடந்தவற்றையும் எடுத்துப் பாருங்கள். அன்பார் மாகாணத்தின் சுன்னி இனக்குழுக்கள் அல் காய்தாவுக்கு எதிராகத் திரும்பியது 2006-லேயே, கூடுதல் படை அறிவிக்கப்படும் முன்பே தொடங்கிவிட்டது. 2007 ஆகஸ்டில் ஷியா மதத் தலைவர் முக்ததா அல் சதர் தம் ஆயுதக் குழுவுக்குப் போர்நிறுத்தம் அறிவித்தார். பாக்தாதின் பல கலப்புக் குடியிருப்புகள் அதற்குள் இரத்தம் சிந்திப் பிரிந்துபோயிருந்தன. கூடுதல் படை இந்த மாற்றங்களைப் பற்றிக்கொண்டு வலுப்படுத்தியது என்பதே என் புரிதல். அவை இல்லாத இடத்தில் அது தனியாக அவற்றை உருவாக்கியிருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை. ஆகவே முன்னுதாரணம் காட்டப்படும்போது, அங்கே படையைத் தவிர வேறென்ன மாறியது, இங்கே அதற்கு இணையாக எது இருக்கிறது என்று கேளுங்கள். ஆப்கானிஸ்தானில் அன்பாருக்கு இணையான எழுச்சி எதுவும் 2009-இல் கண்ணுக்குத் தெரியவில்லை.

தேர்வுகள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன

மூன்று தேர்வுகள் வைக்கப்பட்டால் எச்சரிக்கையாக இருங்கள். 2009 இலையுதிர்காலத்தில் ஒபாமாவின் முன் வைக்கப்பட்டவை ஏறத்தாழ 10,000, 40,000, 85,000. முதலாவது பயிற்சியாளர்களுக்கு மட்டும் போதுமானது. மூன்றாவதற்கு அமெரிக்காவிடம் ஆளே இல்லை. நடுவில் நின்றது தளபதி விரும்பியது. உண்மையான மாற்றுகள், அதாவது நோக்கத்தையே சுருக்குவது, இருப்பதை வேறிடத்துக்கு நகர்த்துவது, பேச்சுவார்த்தையை முதலில் தொடங்குவது, படிப்படியாகத் திரும்புவது ஆகியவை ஒவ்வொன்றும் தளபதியின் திட்டத்துக்குச் சமமான உழைப்போடு எழுதி வைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். 1965-இல் வெளியுறவுத் துணைச் செயலர் ஜார்ஜ் பால் வியட்நாம் போரிலிருந்து விலகும் வழியை எழுதிக் கொடுத்தார். அதிபர் அதைப் படித்தார், கூட்டத்தில் பேசவும் வாய்ப்புக் கொடுத்தார். ஆனால் ஒருபுறம் முழு ராணுவ அமைப்பின் திட்டமும் மறுபுறம் ஒரு தனிமனிதரின் குறிப்பும் இருந்தால், அது மாற்றுத்தேர்வு ஆகாது.

எங்கே யார் முடிவெடுக்கிறார் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். இந்தியாவில் வெளிநாட்டுக்குப் படை அனுப்புவது அமைச்சரவையின் முடிவு. நாடாளுமன்றத்தின் முன்அனுமதி சட்டப்படி கட்டாயமில்லை. இருந்தும் 2003-இல் ஈராக்குக்கு ஒரு டிவிஷன் அனுப்புமாறு அமெரிக்கா கேட்டபோது, அந்தப் போரைக் கண்டித்து ஏப்ரலில் நாடாளுமன்றம் நிறைவேற்றியிருந்த தீர்மானமும், ஐநாவின் வெளிப்படையான ஒப்புதல் இல்லாததும் வாஜ்பாய் அரசின் கையை வலுப்படுத்தின. ஜூலையில் இந்தியா மறுத்தது. மறுப்பதற்கான காரணத்தை முன்கூட்டியே பொதுவில் பதிவு செய்து வைத்திருப்பது எவ்வளவு பயனுள்ளது என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

அனுப்புவது என்று முடிவானால்

எல்லாவற்றையும் எடைபோட்ட பிறகும் அனுப்புவதே சரி என்று தோன்றலாம். அப்படிப்பட்ட போர்களும் உண்டு. அப்போது, வீரர்கள் விமானம் ஏறுமுன் நான்கு செய்திகள் எழுத்தில் இருக்க வேண்டும்: எந்த மாவட்டத்தில் என்ன நிலை உருவாக வேண்டும், எந்தத் தேதியில் அதைச் சரிபார்ப்பது, யார் சரிபார்ப்பது, நிலை உருவாகவில்லை என்றால் என்ன செய்வது. ஒபாமா 2009 டிசம்பர் 1-ஆம் தேதி வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் 30,000 பேரை அறிவித்தபோது, 2011 ஜூலையில் திரும்பத் தொடங்குவார்கள் என்றும் சேர்த்தே சொன்னார். அந்தத் தேதியைப் பலர் குறைகூறினார்கள். எதிரி காத்திருந்தால் போதும் என்றார்கள். அந்தக் குறையில் நியாயம் உண்டு, ஆனால் தேதியே இல்லாமல் அனுப்பியிருந்தால் எதிரி காத்திருந்திருக்க மாட்டான் என்று சொல்லவும் முடியாது. என் பார்வையில் குறை தேதியில் இல்லை. அந்தத் தேதிக்குள் காபூல் அரசிடம் எதிர்பார்க்கப்பட்ட மாற்றங்கள் நிறைவேறாவிட்டால் என்ன செய்வது என்பதற்கு, படையைக் குறைப்பதைத் தவிர வேறு ஏற்பாடு இல்லை என்பதில் இருந்தது.

சரிபார்க்கும் வேலையைக் கோரிக்கை வைத்தவரிடமே விடாதீர்கள். 2010 டிசம்பரில் நடந்த மறுஆய்வு, முன்னேற்றம் உண்டு, ஆனால் அது பலவீனமானது, மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பக்கூடியது என்று சொன்னது. அதன்பின் வந்த அறிக்கைகளிலும் கிட்டத்தட்ட அதே சொற்கள் இடம்பெற்றன. எனவே மறுஆய்வு அறிக்கை வெளிவரும்போது அதன் முடிவுரையை விட்டுவிட்டு, முதலில் எழுதி வைத்த மாவட்டங்களின் பட்டியலை எடுங்கள். அங்கே வெளிநாட்டு வீரர் உடன் இல்லாமல் ஆப்கன் காவலர் இரவில் ரோந்து போகிறாரா, அரசு நியமித்த நீதிபதி அந்த ஊரிலேயே தங்குகிறாரா, நிலத்தகராறோடு மக்கள் அவரிடம் போகிறார்களா அல்லது தாலிபானிடம் போகிறார்களா என்பதற்கான விவரம் அறிக்கையில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடுங்கள். அந்த விவரம் இல்லாத அறிக்கையோடு அடுத்த எண் வந்தால், தாளில் புதிய தேதியைக் குறித்துக்கொண்டு, முதல் கேள்வியிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும்.